மின்ஹூயின் ஆறாவது கல்

படிகத்தின் மேல் ஈரம் பூத்திருந்தது. யாரோ வாயால் ஊதிவிட்ட மூக்குக் கண்ணாடி போல மங்கிக் கிடந்தது.

மின்ஹூய் அதை இடுக்கியால் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள். வெளியே ஃபூஜோ நகரமே ஊறிக்கொண்டிருந்தது. ப்ளம் பழுக்கும் பருவத்து மழை தொடங்கிவிட்டால் இந்த ஊரில் சுவர் வியர்க்கும், அரிசி வியர்க்கும், அலமாரியில் மடித்து வைத்த கல்யாணச் சட்டைக்குப் பூஞ்சை பிடிக்கும். படிகத்தை மட்டும் விட்டுவைக்குமா?

"லாய்ஷுன், இங்க வா. இதைப் பாரு."

லாய்ஷுன் வந்து பார்த்தான். இருவருக்கும் ஒரே பேராசிரியர்தான். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். எதற்கும் ஒரு வழி உண்டு என்று நம்புகிறவன். அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

"மூட்டம் போட்டிருக்கு, அக்கா."

"அது எனக்கும் தெரியுது. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. அது உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்கு புதன்தானே. நிறைய நேரம் இருக்கு."

மின்ஹூய்க்கு நேரம் இல்லை. அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவள் வேலைக்கு ஆறு வருஷம் கெடு. அதற்குள் மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. வெளியே போவது அவள் மட்டும் என்றால் அவள் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள். குடியிருக்கும் வீடு நிறுவனத்தினுடையது. மகள் நுவோநுவோ போகும் மழலையர் பள்ளி நிறுவனத்தினுடையது. கணவர் வேலை பார்க்கும் கப்பல் பட்டறை ஆறு மாதமாக இன்றைக்கு மூடுமோ நாளைக்கு மூடுமோ என்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு வருஷத்தில் அவள் ஆறு படிகங்களை வடிவமைத்தாள். கணினித் திரையில் எல்லாமே அழகாகத்தான் இருந்தன. இந்த அணுவை எடு, அந்த அணுவை வை, போரானுக்குப் பக்கத்தில் ஃபுளூரினைக் கொண்டு வந்து உட்கார்த்து. எண்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்று சொல்லும். உலையில் போட்டால்தான் குணம் தெரியும். முதலாவது வளரவே இல்லை. இரண்டாவது வளர்ந்து மஞ்சளாகிப் போனது. மூன்றாவது, உருக்கும் கலமான மூசையையே தின்றது. நான்காவது ஒளியை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. ஐந்தாவதைப் பற்றி ஆய்வகத்தில் யாரும் பேசுவதில்லை; கூரையில் கறை மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆறாவது இதுதான். கட்டைவிரல் நகத்தளவு. இந்த வகைக் கற்களில் வழக்கமாகச் சேர்க்கும் பெரிலியம் என்ற விஷ உலோகம் இதில் கிடையாது. ஒரு பக்கம் பச்சை லேசர் ஒளி உள்ளே போனால் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி வெளியே வர வேண்டும். வந்தால் வேலை நிலைக்கும். வரும் என்று கணினி சொல்லியிருந்தது. கணினி ஐந்து முறை அப்படித்தான் சொல்லியிருந்தது.

"அறையை உலர்த்திட்டா போச்சு," என்றான் லாய்ஷுன். "நூலகத்துல ஈரம் உறிஞ்சற இயந்திரம் ஒண்ணு இருக்கு. கொண்டு வர்றேன்."

"நூலகத்துல புத்தகம் எல்லாம் நனையாதா?"

"அதை எல்லாம் யாரு படிக்கிறா?"

கொண்டு வந்தான். செருகினான். இயந்திரம் உறுமியது. இருவரும் நிம்மதியாகக் கீழே போய் மீன் உருண்டை சூப் குடித்தார்கள். திரும்பி வந்தபோது ஆய்வகம் நிசப்தமாக இருந்தது. நல்ல ஆய்வகம் எப்போதும் மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். அமைதியாக இருந்தால் யாருக்கோ கேடு.

லாய்ஷுன் அந்த இயந்திரத்தை உலை இருந்த மின் இணைப்பிலேயே செருகியிருந்தான். பாரம் தாங்காமல் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. உலைக்குள் ஆறாவது கல்லின் தம்பி வளர்ந்துகொண்டிருந்தது. மூத்ததற்கு ஏதாவது ஆனால் கைகொடுக்கட்டும் என்று இரண்டு மாதமாக, நாளுக்கு ஒரு துளி வெப்பம் குறைத்து வளர்த்த கல். உலையைத் திறந்து பார்த்தார்கள். மூசைக்குள் உருகியிருந்தது எல்லாம் உறைந்து, அதன் நடுவே தம்பி தூள்தூளாகக் கிடந்தான்.

"அறையாவது காஞ்சுதா?" என்று கேட்டாள் மின்ஹூய்.

"இல்லக்கா. அந்த இயந்திரமும் சேர்ந்துதான் நின்னிருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஒரு அழுகைக்கு உரிய நேரம்கூட மிச்சம் இல்லை.

"சரி, மூட்டத்தை மெருகு போட்டு எடுத்துடலாம்," என்றாள்.

எண்ணெய் தடவிய துணியில் வைத்து மெல்லத் தேய்த்தாள். முதல் தேய்ப்பில் மூட்டம் கொஞ்சம் விலகியது. இரண்டாவதில் இன்னும் விலகியது. மூன்றாவதில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவள் வடிவமைத்த கல்லின் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கி நிற்பவை. அதுதான் அதன் பெருமை என்று கட்டுரையே எழுதியிருந்தாள். வெங்காயம் போல அந்தப் பெருமை அடுக்கோடு இரண்டாகக் கழன்று வந்தது. ஒரு பாதி தரையில் விழுந்து நொறுங்கியது. மறுபாதி ஒரு பொத்தான் கனத்தில் விரலிடுக்கில் நின்றது.

லாய்ஷுன் தரையைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

"மிச்சம் இருக்கறதும் பெரிசாத்தான் இருக்கு, அக்கா."

"இன்னொரு தடவை வாயைத் திறந்தா உன்னையும் மெருகு போட்டுடுவேன்."

அந்தப் பாதியிலும் மூட்டம் இருந்தது. தேய்க்க இனி அவளுக்குத் துணிவில்லை. உலர்த்தும் அடுப்பில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, இளஞ்சூட்டில் விட்டுவிட்டுக் குழந்தையை அழைக்கப் போனாள். ஈரம் போய்விட்டால் பாதிக் கல்லே போதும். ஒளிக்கு அளவு முக்கியம் இல்லை என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழன் காலை வந்து அடுப்பைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. அடுப்புக்குள் மேல்தட்டில் ஒரு ஜோடி காலுறை தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மாலை மழையில் நனைந்த காலுறை. அது விட்ட நீராவி எல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது. படிகம் புதினா மிட்டாய் போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"லாய்ஷுன்."

"அக்கா, இந்த மழையில வீட்டுல எதுவுமே காய மாட்டேங்குது. இங்கே எல்லாருமே போடறதுதான். அடுப்புக்குள்ள கல் இருந்ததை நான் பாக்கல."

எல்லாரும் போடுவது உண்மைதான். அவளே போன வாரம் நுவோநுவோவின் குட்டிச் சட்டையை அங்கே காய வைத்திருந்தாள். அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை. திட்ட முடியாத கோபம் எவ்வளவு கசப்பு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கல்லைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கிண்ணத்தோடு அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பேராசிரியர் யே அறைக்குப் போனாள்.

பேராசிரியர் யே மல்லிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார். காலுறை வந்த இடத்தில் மட்டும் புருவத்தைத் தூக்கினார்.

"குழுவைத் தள்ளிப் போடச் சொல்லலாமா சார்?"

"தள்ளிப் போட்டா உன் கெடுவும் தள்ளிப் போகுமா?"

"போகாது."

"அப்புறம் என்ன." அவர் குவளைக்குள் மிதந்த பூவை ஊதி ஓரம் தள்ளினார். "மின்ஹூய், நாளைக்கு வர்றவங்க கல்லைப் பாக்கறதில்ல. கல்லுக்கு முன்னாடி பிடிக்கிற வெள்ளை அட்டையைத்தான் பாப்பாங்க. புற ஊதா பட்டு அட்டை நீலமா எரிஞ்சா கைதட்டுவாங்க, சாப்பிடப் போவாங்க. கல்லை வைக்கிற கூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் திறந்து பாத்ததை என் வாழ்க்கையில நான் பாத்ததில்ல."

"நீங்க சொல்றது..."

"நான் ஒண்ணுமே சொல்லல. தேநீர் குடிச்சுக்கிட்டிருக்கேன்."

மின்ஹூய் மாடிப்படியில் நின்று கையைப் பிசைந்தாள். பிறகு கீழே பண்டகசாலைக்குப் போனாள். அங்கே உலகம் முழுக்க விற்கிற பழைய வகைப் படிகம் ஒன்று இருந்தது. பச்சை ஒளியைப் புற ஊதாவாக மாற்ற அதற்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம். புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் அதன் குறை.

பண்டகசாலைக்காரி குவான் அக்கா பெட்டியைத் திறந்தாள். ஆனால் கல்லைக் கையில் கொடுக்கவில்லை.

"எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு, அக்கா."

"டிராகன் படகு லீவு வருது. எல்லா அறையும் பாத்து, பூட்டி, கதவுல முத்திரைத் தாள் ஒட்டியாகணும். ஒட்டறதுக்குள்ள என் சாமான் எல்லாம் என்கிட்ட வந்து சேந்திருக்கணும். போன வருஷம் ஒரு பேராசிரியர் லென்ஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எறும்பு பாத்திருக்காரு."

"நாளைக்கு மத்தியானமே கொண்டு வந்து தந்துடறேன்."

"டாக்டர்னு சொல்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

அன்று பிற்பகல் மின்ஹூய் அந்தக் கல்லைப் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து மூடியைத் திருகினாள். கூட்டில் முன்னும் பின்னும் பட்டாணி அளவுக்கு ஒரு துவாரம். மேசையில் பொருத்தி, லேசரைச் செலுத்தி, கூட்டை லேசாகத் திருப்பினாள். அட்டை உடனே நீலமாக எரிந்தது. அவள் வாழ்க்கையில் இதுவரை எதுவும் இவ்வளவு சுலபமாக நடந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை குழு வந்தது. தலைவர் ஷெங், பெய்ஜிங்கிலிருந்து வந்த பெரியவர். படிகங்களோடு நாற்பது வருஷம் பழகியவர். அவர் தலையாட்டினால் நாட்டில் எந்த ஆய்வகத்துக்கும் கதவு திறக்கும். தலையாட்டாவிட்டால் மூடும். பின்னால் நான்கு பேர், அவர் தலையைப் பார்த்துத் தங்கள் தலையை ஆட்டுவதற்கு.

மேசை பளபளவென்று துடைத்திருந்தது. துப்புரவுக்காரர்கள் விருந்தாளிக்காக விழுந்து விழுந்து துடைத்திருக்க வேண்டும். மின்ஹூய் படிகத்தின் வடிவமைப்பைச் சொன்னாள். பெரிலியம் ஏன் வேண்டாம், ஃபுளூரின் எங்கே உட்காருகிறது, அடுக்குகள் எப்படி நிற்கின்றன என்பதெல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லும்போதுதான் குரல் அதிகம் நடுங்கியது.

"சரிம்மா, காட்டுங்க," என்றார் ஷெங்.

லேசர் எரிந்தது. லாய்ஷுன் ஒரு வெள்ளை அட்டையை நீட்டினான். அட்டையில் பச்சைப் புள்ளி விழுந்தது. நீலம் இல்லை.

மின்ஹூய் கூட்டைத் திருப்பினாள். நேற்று வெளிச்சம் வந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை. துடைக்கிறேன் பேர்வழி என்று கூட்டை இடித்துத் தொலைத்திருக்கிறார்கள். இன்னும் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் யே சுவரைப் பார்த்தார். கூடு ஏறக்குறையப் படுத்தே விட்டது. பிறர் பொருளை எடுத்து ஏமாற்றினால் அந்தப் பொருளும் ஏமாற்றும் என்று நினைத்து, கடைசியாக ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

அட்டை நீலமாக எரிந்தது. நேற்றைவிடப் பிரகாசமாக.

ஷெங் கிட்டே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அட்டையை வாங்கித் தானே பிடித்தார்.

"பெரிலியம் இல்லாமலா?"

"இல்லாமத்தான், ஐயா," என்று யே முந்திக்கொண்டார்.

"இதுக்காகத்தான் நான் சாகாம இருக்கேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டிருப்பேன்," என்றார் ஷெங். அவர் கண் கலங்கியிருந்தது. பின்னால் இருந்த நான்கு தலைகளும் ஆடின. "இந்த அம்மா இங்கேயே இருக்கட்டும். நான் சொல்லிடறேன்."

வீடு நிலைத்தது. மழலையர் பள்ளி நிலைத்தது. லாய்ஷுன் மேசைக்கு அடியில் அவள் காலை மெல்லத் தட்டினான்.

ஷெங் பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னார்: "பாலைவனம் பக்கம் உரும்ச்சியில ஒரு பையன் இதே மாதிரி கல்லுக்கு முட்டி மோதிக்கிட்டிருக்கானே, அதை நிறுத்திடலாம். இங்க கிடைச்சாச்சு. அவனுக்கும் இந்த வருஷத்தோட கெடு முடியுதுல்ல? முடிச்சு அனுப்பிடுங்க."

அந்தப் பையனை மின்ஹூய்க்குத் தெரியும். ஒரு மாநாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியில் சுட்ட ஆட்டிறைச்சியை அவளுக்குப் பங்கு வைத்தவன். "உங்க ஊர்ல கல் ஊறிப் போகுது. எங்க ஊர்ல கல் நல்லா காஞ்சு நிக்குது, நாங்கதான் காஞ்சு போறோம்," என்று சிரித்தவன். அவனுக்கும் ஒரு குழந்தை. அதன் படத்தைக் கேட்காமலே காட்டியிருந்தான்.

அவள் தன்னைத் திருடி என்று நினைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். அதை எல்லாம் வீட்டில் தலையணையோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவனுடைய கல் ஒருவேளை நிஜமாகவே எரியும் கல்லாக இருக்கலாம். இரவல் கல்லைக் காட்டி அதை அணைக்க அவளால் முடியவில்லை.

"ஐயா, அவரை நிறுத்தாதீங்க."

"ஏம்மா?"

"இந்தக் கல் என்னுது இல்ல."

அவள் லேசரை அணைத்தாள்.

"என்னோட கல் ஈரம் பிடிச்சு வீணாப் போச்சு. இது பண்டகசாலையில இருந்து வாங்கி வச்ச பழைய வகைக் கல். என் கல் எரியுமான்னு எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட சோதிச்சுப் பாக்க முடியல."

ஷெங் அட்டையை மேசைமேல் வைத்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது அவர் வெறும் வயதானவராக இருந்தார்.

"யே, உமக்குத் தெரியுமா?"

"ஐயா, நான் அதிர்ச்சியில இருக்கேன்," என்றார் யே. அதிர்ச்சியில் இருப்பவர் போலவே நின்றார்.

"உண்மையைச் சொன்னதுக்கு உங்களை மதிக்கறேம்மா," என்றார் ஷெங். "ஆனா அதுக்குன்னு இங்க தனியா மார்க் கிடையாது."

குழு போனது. வழியில் குடைகள் விரியும் சத்தம் கேட்டது. யே வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"தப்பா நினைக்காதே மின்ஹூய். கப்பல் முங்கறப்போ ஒருத்தராவது நீந்தணும் இல்லையா? உனக்கு நல்ல சிபாரிசுக் கடிதம் எழுதித் தர்றேன். நேர்மைன்னு ரெண்டு இடத்துல போடறேன்."

லாய்ஷுன் அவளிடம் ஒரு நாற்காலியை நகர்த்தினான். ஏதோ வழி சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக, "காலுறையை எடுத்துட்டேன், அக்கா," என்றான். அவனிடம் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் இரண்டு வருஷத்தில் கெடு.

சாயங்காலம் நுவோநுவோவிடம் என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். பள்ளிக்கூடம் மாறப் போகிறோம் என்றால் முதலில் குதிப்பாள். புதிய பை கேட்பாள். இரண்டாம் நாள்தான் அழுவாள். கணவரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவார்.

மேசையிலிருந்து பித்தளைக் கூட்டைக் கழற்றினாள். திறந்து பார்க்கவும் பிடிக்கவில்லை. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்த நிறுவனத்தோடு இருந்த உறவு முடிந்தது. இரு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பண்டகசாலை வாசலில் குவான் அக்கா பசைக் கிண்ணத்தோடு நின்று கதவில் முத்திரைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க அக்கா, ஒட்டிடாதீங்க. உங்க கல் இருக்கு."

குவான் அக்கா தாளின் மூலையை விரலால் நீவிவிட்டுத்தான் திரும்பினாள். மின்ஹூயின் முகம் சரியில்லாததைப் பார்த்து, "லீவுக்கு எல்லாரும் சந்தோஷமா போறாங்க, உங்களுக்கு என்னாச்சு?" என்றாள். கூட்டை வாங்கி மூடியைத் திருகி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே அவள் கையில் திருப்பி வைத்தாள்.

"என் கல்லை நேத்து சாயங்காலமே நான் மேல வந்து எடுத்துட்டேன் டாக்டரம்மா, உங்க பேச்சை எல்லாம் நம்பிக்கிட்டு இருக்க முடியுமா, கூடு காலியா இருந்தா பெரிய மனுஷங்க முன்னாடி உங்களுக்குத்தானே அசிங்கம்னு அடுப்புல கிடந்த உங்க வெள்ளைக் கல்லை எடுத்தேன், மேல் ஏடு விரல்லயே உரிஞ்சு வந்து உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அதைத்தான் இதுக்குள்ள வச்சு மூடினேன்."